முழங்காலுக்குப் பின்னால் துடிக்கும் கட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பாவுக்கு 68 வயது. வயிற்றுப் பெருந்தமனி 4 செ.மீ. வீங்கியிருப்பதாகத் தெரிந்ததும் காலையும் ஸ்கேன் செய்தார்கள். வலது முழங்காலுக்குப் பின்னால் 2.3 செ.மீ. அனியூரிசம் (தமனி பை போல வீங்குவது) என்கிறார்கள். வலியே இல்லை. வெடித்துவிடுமா? எதை முதலில் ஆபரேஷன் செய்வது?

வெடிக்கும் கவலை வயிற்றுத் தமனிக்கு உரியது. முழங்கால் தமனி வெடிப்பது அபூர்வம், அது அடைத்துக்கொள்ளும். வீங்கிய பையின் உள்சுவரில் ரத்தம் உறைந்து படியும். அதிலிருந்து துணுக்குகள் உதிர்ந்து கீழே போய், பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களை ஒவ்வொன்றாக மூடும். ஒன்றிரண்டு மூடிப்போனாலும் பலருக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் பையே மொத்தமாக உறைந்துவிட்டால், ரத்தம் போக மாற்றுவழி இருக்காது. வலி இல்லை என்பதை வைத்து ஆறுதல் கொள்ள முடியாதது இதனால்தான்.

இந்தத் தமனியின் இயல்பான அகலம் சுமார் 7 முதல் 9 மி.மீ. 2 செ.மீ. தொட்டுவிட்டால், உடல் தாங்குமென்றால், சரிசெய்துவிடுவது வழக்கம். இதயமோ நுரையீரலோ மிகவும் பலவீனமானவர்களுக்கு 3 செ.மீ. வரை பொறுத்துப் பார்ப்பதுண்டு. 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலும், உறைவு நிறையப் படிந்து துணுக்குகள் உதிரும் அறிகுறி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் அளவை மட்டும் பார்க்காதீர்கள். உறைவு எவ்வளவு, கீழே எத்தனை குழாய்கள் திறந்திருக்கின்றன என்று கேளுங்கள்.

ஆண்களுக்கு வயிற்றுத் தமனியைப் பொதுவாக 5.5 செ.மீ. வரை கண்காணிக்கலாம். உங்கள் அப்பாவுக்கு முழங்கால்தான் முதலில். இடது காலையும் ஸ்கேன் செய்தார்களா? ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும்.

ஆபரேஷனில் அந்தக் கட்டியை வெட்டி எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் எடுப்பதில்லை. பக்கத்திலேயே நரம்பும் சிரையும் ஒட்டிக்கிடக்கும். பிரித்தெடுக்கப் போனால் அவை காயப்படும். வழிகள் இரண்டு.

முதல் வழி, காலின் உட்பக்கம். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, மூட்டுக்கு மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல். தமனியைக் கவ்வி மூடும் கிளாம்ப் போடுவதற்கு முன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுக்க வேண்டும், கிலோ எடைக்கு 80 முதல் 100 யூனிட். அதற்கு முன் பையை அழுத்திப் பிசையவே கூடாது. உறைவு உதிர்ந்து பாதத்துக்குப் போய்விடும். கிளாம்பைக் கீழ்முனையில் முதலில் போடுவதும் இதற்காகத்தான். பிறகு பையின் இரு முனைகளையும் கட்டிவிட்டு, பைபாஸ் குழாயை (பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த சிரை) மேலிருந்து கீழே கொண்டுவந்து தைப்பார்கள். குழாயின் நீளத்தை முழங்காலை நீட்டிவைத்துத்தான் அளக்க வேண்டும். மடக்கிய நிலையில் அளந்து வெட்டினால், காலை நீட்டும்போது தையல் இழுபடும். தசைக்குள் இழுக்கும்போது சிரை முறுக்கிக்கொள்வதும் நடக்கும். அதன்மேல் மையால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் முறுக்கு உடனே தெரியும்.

இந்த வழியின் பலவீனம் பக்கக் கிளைகள். இரு முனைகளையும் கட்டினாலும், மூட்டைச் சுற்றியுள்ள சிறு கிளைகள் வழியாகப் பைக்குள் ரத்தம் புகுந்துகொண்டே இருக்கலாம். சில ஆண்டுகள் கழித்துப் பை மறுபடி பெருக்கும். எனவே பைக்கு மிக நெருக்கமாகக் கட்ட வேண்டும். 1785இல் லண்டனில் ஜான் ஹன்ட்டர், முழங்கால் அனியூரிசம் வந்த ஒரு குதிரைவண்டிக்காரரின் தொடைத் தமனியைக் கட்டி, காலை வெட்டாமல் காப்பாற்றினார். கிளைவழி ரத்தம்தான் அந்தக் காலைப் பிழைக்கவைத்தது. அன்று கைகொடுத்த கிளைகளே இன்று நமக்குத் தொல்லை!

இரண்டாவது வழி, குப்புறப் படுக்கவைத்து முழங்கால் மடிப்பில் எஸ் வடிவக் கீறல். நேர்க்கோட்டில் கீறினால் தழும்பு சுருங்கி மூட்டை இழுக்கும். பையைத் திறந்து, உறைவை வழித்தெடுத்து, கிளைகளின் வாயை உள்ளிருந்தே தைத்து, நடுவில் குழாய் வைத்து இணைப்பார்கள். பை பெரிதாகி நரம்பையோ சிரையையோ அழுத்தினால் இதுவே மேல். வீக்கம் தொடைவரை ஏறியிருந்தால் இந்தக் கீறலில் எட்டாது.

காலிலிருந்து நரம்பு எடுத்து வைப்பார்களாமே?

எடுப்பது நரம்பு அல்ல, சிரை. பேச்சுவழக்கில் இரண்டையும் 'நரம்பு' என்பதால், நரம்பை எடுத்தால் கால் விளங்காது என்று பயப்படுபவர்கள் உண்டு. காலின் உட்பக்கத் தோலுக்கடியில் ஓடும் நீளமான சஃபீனஸ் சிரைதான் அது. குறைந்தது 3 மி.மீ. அகலமும் சீரான சுவரும் வேண்டும். வெரிகோஸ் ஆகிப் புடைத்த சிரை பொதுவாக உதவாது. அதில் உள்ள வால்வுகள் கீழ்நோக்கிய ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால், தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள், அல்லது வால்வுகளை வெட்டிவிடுவார்கள். சிரை கிடைக்காதபோதுதான் செயற்கைக் குழாய். முழங்காலுக்குக் கீழே வரை போனால் அது சிரையைவிடச் சீக்கிரம் அடைக்கும், கிருமி தொற்றினால் காப்பாற்றுவதும் கடினம்.

ஸ்டென்ட் வைத்தால் கீறலே வேண்டாமே?

துணி மூடிய ஸ்டென்ட் வைக்கலாம். பைக்கு மேலும் கீழும் சுமார் 2 செ.மீ. நல்ல தமனி இருக்க வேண்டும், கீழ்க்குழாய்கள் திறந்திருக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினுடன் குளோபிடோகிரெல் மாத்திரையும் சாப்பிட முடிய வேண்டும். வயதும் இதயமும் ஆபரேஷனைத் தாங்காதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் மூட்டு மடங்கும் இடத்தில் ஸ்டென்ட் நெளியும், சில சமயம் உடையும். சம்மணமிட்டு உட்கார்பவர், குத்தவைத்து வேலை செய்பவர், நடமாட்டமுள்ள 55 வயதுக்காரர் என்றால், நல்ல சிரை இருக்கும்போது பைபாஸ்தான் எங்கள் பரிந்துரை.

திடீரென்று கால் மரத்துக் குளிர்ந்துபோனால்?

தேய்க்காதீர்கள், சுடுநீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தநாள அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். முழு அடைப்பில் தசை சுமார் 6 மணி நேரத்தில் சாகத் தொடங்கும். விரல்களை அசைக்க முடிந்து, உணர்வும் ஓரளவு இருந்தால், குழாய் வழியாக உறைவைக் கரைக்கும் மருந்து செலுத்திக் கீழ்வழியைத் திறந்துகொண்டு, பிறகு பைபாஸ் செய்யலாம். அசைவு போய்விட்டால் அதற்கு நேரமில்லை, உடனே ஆபரேஷன்தான். ரத்தம் திரும்பியதும் கெண்டைக்கால் தசை வீங்கித் தன்னையே நெரிக்கும் என்பதால், இரண்டு கீறல்களில் நான்கு தசை அறைகளையும் திறந்துவிடுவதுண்டு. அந்தப் புண்களைப் பார்த்து ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று உறவினர்கள் பதறுகிறார்கள். காலைக் காப்பதற்காகத் திறந்தவை அவை.

ஆஞ்சியோ செய்த தொடை இடுக்கில் துடிக்கும் கட்டி. இதுவும் அதுவா?

இது போலி அனியூரிசம்: ஊசி போட்ட துளை மூடாமல் ரத்தம் வெளியே தேங்கியது. 2 செ.மீ.க்குக் குறைந்தவை பல தாமாக உறைந்துவிடும். பெரிதென்றால், தமனியையும் கட்டியையும் இணைக்கும் கழுத்து ஒடுங்கியிருந்தால், ஸ்கேன் பார்த்தபடி ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் ஊசி. கழுத்து அகலமாக இருந்தால், தோல் நீலம்பாரித்து மெலிந்தால், அல்லது கிருமி தொற்றியிருந்தால் ஆபரேஷன்.

பைபாஸ் முடிந்து 3 வாரம். கால் வீங்குகிறது, உட்பக்கம் மரத்திருக்கிறது.

இரண்டுமே சகஜம். வீக்கம் 2, 3 மாதம் இருக்கலாம். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். சிரையுடன் ஓடும் தோல் நரம்பு சற்று அடிபட்டதால் மரப்பு. ஆனால் கெண்டைக்கால் கல்லாக இறுகி வலித்தால் ஆழ்சிரை உறைவு இருக்கிறதா என்று அன்றே ஸ்கேன் செய்ய வேண்டும். காய்ச்சல், சீழ் இருந்தாலும் தாமதம் கூடாது. ஆஸ்பிரினையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையும் நிறுத்தாதீர்கள். புகை அறவே கூடாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் 3, 6, 12 மாதங்களில், பிறகு ஆண்டுதோறும். குழாய் ஓட்டத்துடன், பழைய பையின் அளவையும் எதிர்க்காலையும் அதே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். பல ரிப்போர்ட்டுகளில் இந்த இரண்டும் விடுபட்டிருக்கும்.