பாம்பன் பழைய பாலத்தையே, ரயிலை நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்திருக்க முடியாதா?

முடியாதா என்றால், கஷ்டம். சிகாகோவில் நூறு வயதான மேம்பால ரயில் பாதையை அப்படித்தான் புதுப்பித்தார்கள். ஆனால் அங்கே நான்கு தண்டவாளங்கள். இரண்டை மூடி இடித்துக் கட்டும்போது மற்ற இரண்டில் ரயில் ஓடும். பாம்பனில் இருப்பதோ ஒற்றைப் பாதை. ஒதுங்க இடமே இல்லை.

சாதாரண கர்டர், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரம் என்றால், ரயில் இல்லாத சில மணி நேரத்தில் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்கலாம். சிக்கல், கப்பல் போக வழிவிட்டுத் திறக்கும் நடுவிலிருந்த தூக்குப் பகுதிதான். இரண்டு இறக்கைகள், பல்சக்கரங்கள், ஆட்கள் கையால் சுற்றித் திறக்கும் அமைப்பு, எல்லாம் 1914-ஆம் வருடத்துச் சரக்கு. உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்து, ரிவெட்டைச் சுற்றித் துரு செதில் செதிலாக வந்துவிடும். அதை ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது.

அதனால்தான் பக்கத்திலேயே புதுப் பாலம். பழையதில் ரயில் ஓட ஓடத்தான் வேலை தொடங்கியது. திட்டம் என்னவோ சரிதான். ஆனால் 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியின் அரிப்பு காரணமாகப் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம் 2025 ஏப்ரல் 6 வரை ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு மண்டபம், ராமநாதபுரம் ஸ்டேஷன்களோடு ரயில் முடிந்தது, மிச்சத்துக்கு பஸ்தான். என்னைக் கேட்டால், புதுப் பாலத்தைச் சில வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

புதியதில் 72.5 மீட்டர் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். தூண்களை இரட்டைப் பாதைக்கும் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள்.