காது இரைந்தால் 'டென்ஷன்' என்று முடித்துவிடலாமா?

கேள்வி: இரண்டு வாரமாக இரவில் காதுக்குள் 'கீ' என்று ஒரு சத்தம் கேட்கிறது. வீட்டில் டென்ஷன் என்கிறார்கள். மன அழுத்தத்தால் காது இரையுமா, வேறு காரணம் இருக்குமா?

பதில்:

இரையும். ஆனால் 'டென்ஷன்' என்ற பதிலோடு மட்டும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அதனால்தான் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

நீங்கள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற தம்பியாகத்தான் இருக்க வேண்டும் (தங்கச்சியாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம்). நடுச்சாமத்தில் கேள்வி போட்டிருக்கிறீர்கள், காதில் இயர்போனும் இருந்திருக்கும்.

நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் கண்டி வீதிப் பக்கம் கேட், கிறில் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். 'டொக்டர் இல்லாதவன் ஏன் பதில் சொல்கிறான்' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒன்று, இரைகிற காது என்னுடையது.

எனக்கு முதலில் இடது காதில்தான் தொடங்கியது, ராத்திரியில் மட்டும் ஒரு சில்வண்டுச் சத்தம். பிறகு இரண்டு காதிலும். முதலில் காட்டிய டொக்டர் காதுக்குள் லைட் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. என்ன தொழில் என்றும் கேட்கவில்லை. "கடன் ஏதும் இருக்கா? யோசிக்கிறீங்க போல. யோசிக்காதீங்க" என்று நித்திரைக்கு ஒரு குளிசையை எழுதித் துண்டை நீட்டினார். அதற்குத்தான் மாலை முழுக்க நம்பரோடு உட்கார்ந்திருந்தேன்.

கடன் இருந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. அது 2022. ஒரு நாளில் 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் கிடந்த காலம். ஜெனரேட்டர் போட்டால் டீசல் இல்லை, டீசல் கிடைத்தால் இரும்பு வாங்கிற விலையில் இல்லை. பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட வேலையை நான் வாக்குக்காகச் செய்து கொடுத்தேன், ஆட்கள் மிச்சக் காசைத்தான் கொடுக்கவில்லை. போன் எடுத்தால் 'அடுத்த கிழமை'. ஒருத்தர் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் செய்த கேட்டையே பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார். இதையெல்லாம் இங்கே எழுதி என்ன, விடுங்கள்.

பிறகு மனைவி பிடிவாதமாக வேறொரு காது, மூக்கு, தொண்டை டொக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் முதலில் கேட்டதே தொழில்தான். காதைப் பார்த்து வலது பக்கம் இறுகிக் கிடந்த குறும்பியை எடுத்தார். சிலருக்கு அதோடேயே இரைச்சல் நின்றுவிடுமாம். பஞ்சுக் குச்சி விட்டுக் குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளேதான் போகும் என்றார். எனக்கு நிற்கவில்லை. அதனால் கேட்டல் பரிசோதனைக்கு அனுப்பினார்.

சின்ன அறை, கதவைச் சாத்தினால் வெளிச் சத்தமே இல்லை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன், சத்தம் கேட்கிற நேரமெல்லாம் அமத்த வேண்டும். அங்கேதான் எனக்கு வியர்த்தது. மெல்லிய கீச்சுச் சத்தம் வரும்போது அது மெஷினா என் காதா என்று பிரிக்கவே முடியவில்லை. பரிசோதனை செய்த பிள்ளையிடம் சொன்னேன், உடனே விட்டு விட்டு வருகிற சத்தமாக மாற்றித் தந்தார், பிறகு பிடிபட்டது. கடைசியில் தந்த தாளில் கோடு நேராக வந்து 4000 ஹேர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்த இடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தது. சத்தத்தால் பழுதான காதுக்கு அந்தக் குழிதான் அடையாளம் என்றார் டொக்டர். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் நிற்கலாம், 3 டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதியாகும், கிரைண்டர் போடுகிற 100 டெசிபலில் கால் மணிதான் கணக்கு. காதுக்கு மூடி போடவில்லையா என்று கேட்கிறவர்கள், நான் வேலை பழகிய காலத்தில் எந்தப் பட்டறையில் அது இருந்தது என்று சொல்லட்டும். இப்போது என்னிடம் வேலை பழகுகிற பொடியன்கள் அது போடாமல் மெஷினைத் தொட முடியாது.

உட்காதில் சத்தத்தைப் பிடித்து நரம்புக்குக் கொடுக்கிற மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அந்த இடத்திலிருந்து தகவல் வராமல் போக, மூளை தன் பக்கத்து வொலியூமைக் கூட்டுகிறது, அந்த வெற்று இரைச்சல்தான் நமக்குக் கேட்கிறது என்பது அவர் தந்த விளக்கம். நல்ல காதுக்கும் கொஞ்சம் இருக்கும்போல. 1953 இல் கேட்டல் குறை இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் இருத்திப் பார்த்தபோது, 94 வீதமானவர்கள் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்களாம்.

அப்போ டென்ஷனுக்குப் பங்கில்லையா? இருக்கிறது. காசுக்கு அலைந்துவிட்டு வந்து படுக்கிற ராத்திரிகளில் அதே சத்தம் இரண்டு மடங்காக எனக்குக் கேட்டது. மனசு பதறினால் மூளை அதையே காவல் காக்கிறது, நித்திரை போகிறது, நித்திரை போனால் சத்தம் கூடுகிறது. யோசனையில் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினால் தாடை மூட்டாலும் இரையும். பல்லை இறுக்கும்போது சத்தம் மாறினால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். என் கோபமெல்லாம், காதையே பார்க்காமல் டென்ஷன் என்று சொல்கிறவர்கள் மேல்தான்.

வேறு காரணங்களும் உண்டு. வயசு, நடுக்காதில் சீழ், தலைச்சுற்றோடு காது அடைத்து வருகிற மெனியர் நோய். மருந்துகளாலும் வரும்: அதிக அளவு அஸ்பிரின், குயினைன், ஜென்டாமைசின் ஊசி, சில புற்றுநோய் மருந்துகள். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். நாடித் துடிப்போடு சேர்ந்து 'டுப் டுப்' என்று கேட்டால் பிரஷரையும் இரத்தக் குழாயையும் பார்க்க வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலும் காட்டத்தான் வேண்டும், கேட்கும் நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிப்படுத்துவார்கள். திடீரென்று ஒரு காது கேட்காமலே போனால் அன்றைக்கே ஓடுங்கள், மருந்தைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன்.

என் இரைச்சல் போகவில்லை. இதை அடியோடு நிறுத்துகிற குளிசை கிடையாது. விற்கிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள். ஆனால் இப்போது தூங்குகிறேன். படுக்கும்போது அறை முழு அமைதியாக இருக்கக் கூடாது, அதற்கு ஃபேன் போதும். கார்த்திகை மழையிலும் ஃபேன் சுற்றுவதால் மனைவி போர்வைக்குள் இருந்து திட்டுவாள். தகரத்தில் மழை அடிக்கிற இரவில் அதுவும் தேவையில்லை. கேட்டல் குறைந்தவர்களுக்குக் காது மெஷின் உதவும். இரைச்சல் மனசைப் பிடித்து ஆட்டுகிறது என்பவர்களுக்கு அறிவு நடத்தைச் சிகிச்சை நன்றாக உதவுகிறது, அது கவுன்சிலிங் மாதிரிப் பேசிப் பழக்குவது, பைத்தியத்துக்குச் செய்வது இல்லை.

இந்தப் பதிலுக்குக் கீழே யாராவது உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்லுவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். இயர்போனை ஒரு மாதம் மேசையில் வைத்துவிட்டு, கிளினிக்குக்கு நம்பர் எடுங்கள்.