மட்டமான கிராபிக்ஸ் என்று தெரிந்தும் சுறாப் படங்களை ஏன் விரும்பிப் பார்க்கிறார்கள்?

சூறாவளி கடலிலிருந்து சுறாக்களை அள்ளி வந்து லாஸ் ஏஞ்சல்ஸில் கொட்டுகிறது. 2013-இல் அமெரிக்க டிவியில் வந்த 'ஷார்க்னேடோ'வின் கதை இதுதான். 2018-க்குள் ஆறு பாகங்கள் வந்துவிட்டன. நடக்காத கதை என்று எடுத்தவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். அந்த உடன்பாட்டில்தான் ரசனையே இருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் சித்தி வீட்டில் பார்த்தோம். தம்பி காட்சிக்குக் காட்சி தமிழில் கதை சொன்னான். நாயகன் ரம்பத்தோடு சுறாவின் வாய்க்குள் பாய்ந்து, வயிற்றைக் கிழித்து வெளியே வந்தான். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஆச்சியின் விரல் அப்படியே நின்றது. "ஏலே, உள்ள போனவன் முழுசா வந்துட்டானா?" என்றாள். வீடே கைதட்டியது. நல்ல பேய்ப்படம் என்றால் ஆளுக்கொரு மூலையில் ஒடுங்கியிருப்போம்.

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்துத் தசரா திருவிழாவில் கரடி வேஷக்காரரின் கழுத்தில் தையல் தெரியும். இருந்தாலும் பிள்ளைகள் அலறும், உடனே சிரிக்கும். அதே சந்தோஷம்தான் இதுவும்.

ஆனால் ஒன்று, நடிகர்கள் சிரிக்கக் கூடாது. ரப்பர் சுறாவானாலும் உயிர் போகிற மாதிரி ஓட வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.