குழாய் வாஷரை நானே மாற்றினால் மிச்சமாகுமா?

கேள்வி: சொந்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒழுகும் குழாய், தொங்கும் கதவு, பெயரும் சுவர்ப்பூச்சு என்று மாதந்தோறும் ஏதாவது ஒரு பழுது வந்துவிடுகிறது, கூலியே பெருஞ்செலவாகிறது. டிரில்லிங் மெஷினோடு ஒரு கருவிப்பெட்டி வாங்கி எல்லாவற்றையும் நானே செய்ய எண்ணுகிறேன். இது சரியான கணக்குதானா?

பதில்: மிச்சமாகும், ஆனால் கருவிப்பெட்டியிலிருந்து தொடங்கினால் ஆகாது. கடந்த 12 மாதங்களில் பழுதுக்காகக் கொடுத்த தொகைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் பொருளின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். யார் செய்தாலும் பொருளுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், உங்களுக்கு மிஞ்சுவது கூலி மட்டுமே. அதிலும் திரும்பத் திரும்ப வரும் வேலைகளின் கூலிதான் கருவியின் விலையை ஈடுகட்டும். ஆண்டுக்கு இரண்டு துளை போடுவதற்காக டிரில்லிங் மெஷின் வாங்குவது, என்னைக் கேட்டால், பரணுக்குச் செய்யும் முதலீடு. அதை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

ஒழுகும் குழாயையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லிலிட்டர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் வீணாகிறது. திருகித் திறக்கும் பழைய வகைக் குழாய் என்றால், பெரும்பாலும் தேய்ந்துபோன வாஷர்தான் காரணம். குழாய்க்கு நீர் வரும் வழியிலுள்ள வால்வை மூடி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிட்டு, சிறு திருகு எதுவும் உள்ளே விழுந்துவிடாதபடி வடிகால் துளையைத் துணியால் அடைத்த பிறகு, ஸ்பேனரால் மேற்பகுதியைக் கழற்றினால் வாஷர் கைக்கு வந்துவிடும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அளவைக் கண்ணால் மதிப்பிட்டுக்கொண்டு போகிறவர் இரண்டு முறை நடப்பார் (நானும் நடந்திருக்கிறேன்). இதற்கும், தளர்ந்த கதவுக் கீலை முறுக்குவதற்கும் ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

சுவர்ப்பூச்சு அப்படியல்ல. ஈரக்கசிவால் பெயர்கிறது என்றால், கசிவை நிறுத்தாமல் மேலே பூசுவது வீண்செலவு. முதலில் ஆளைக் கூப்பிட்டுக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

எந்த வேலையில் கைவைக்கலாம் என்பதை, மிச்சமாகும் கூலியைக் கொண்டு அல்லாமல், தவறினால் நேரும் இழப்பைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். கீல் கோணலானால் மறுபடி கழற்றி மாட்டலாம். சுவருக்குள் ஓடும் குழாயின் இணைப்பு தளர்ந்தால் சுவரையே உடைக்க வேண்டியிருக்கும். மின்சார வயரிங், எரிவாயு இணைப்பு, உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை ஆகியவற்றில் உயிருக்கே ஆபத்து இருப்பதால் அவை உங்கள் பட்டியலில் இருக்கவே கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத சாதனங்களையும் திறக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடக்கூடும்.

மிச்சமாகும் கூலியை வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல், பழுதுக்கென்று ஒரு தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் 1 விழுக்காட்டைப் பராமரிப்புக்கு ஒதுக்குவது வழக்கத்திலுள்ள தோராயக் கணக்கு. மனையின் விலையைச் சேர்த்தால் அது மிகையாகிவிடும் என்பதால், கட்டடத்தின் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு நான் சொல்வேன்.