கப்பல் கதை பிடித்த பையனைக் கப்பலுக்கு அனுப்பலாமா?

வணக்கம் ஐயா,

போன சனிக்கிழமை படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது, உங்கள் மகனை, அதாவது தம்பியை, வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் கேட்டது இதுதான்: "எந்நேரமும் கப்பல், தீவு என்று கதைப் புத்தகத்தோடுதான் கிடக்கிறான். பேசாமல் மெர்ச்சன்ட் நேவியில் சேர்த்துவிடலாமா?" சம்பளம் நன்றாக இருக்கும், முதல் குரூப்தான் படிக்கிறான், சொந்தத்தில் ஒருவர் கப்பலில் இருக்கிறார். உங்கள் கணக்கு புரிகிறது. ஆனால் தம்பியின் நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது.

அவன் படிப்பவை கற்பனைப் பயணக் கதைகள். ஐரோப்பியர்கள் புதுக் கரைகளைத் தேடி அலைந்த காலத்தில், போய்வந்தவர்கள் எழுதிய குறிப்புகளுக்கு நல்ல கிராக்கி. டாம்பியர் என்ற மாலுமி உலகைச் சுற்றிவந்து 1697இல் வெளியிட்ட புத்தகம் அப்படித்தான் ஓடியது. அதே பாணியில் தேதி, அட்சரேகை, கேப்டன் பெயர் எல்லாம் போட்டு, இல்லாத ஊருக்குப் போய்வந்ததாக எழுதியவர்களும் இருந்தார்கள். 1668இல் ஹென்றி நெவில் எழுதிய 'பைன்ஸ் தீவு' ஒரு சின்னப் பிரசுரம்தான். அதை நிஜம் என்றே நம்பியவர்கள் உண்டு. 1704இல் லண்டனில் சால்மனாசர் என்பவர் தன்னைத் தைவான்காரர் என்று சொல்லிக்கொண்டு, அந்த நாட்டைப் பற்றிப் புத்தகமே போட்டார். அதிலிருந்த மொழியும் எழுத்தும் அவருடைய சொந்தச் சரக்கு!

1726இல் வந்த 'கல்லிவரின் பயணங்கள்' இந்த வகையில் உச்சம். அதை எழுதிய ஸ்விஃப்ட், டப்ளினில் ஒரு தேவாலயத்தின் தலைமைப் பாதிரியார். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே போய்வந்ததைத் தவிர அவருக்குக் கடல் அனுபவம் கிடையாது. கதையில் வரும் புயல் காட்சியை, 1669இல் வந்த ஒரு மாலுமிக் கையேட்டிலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுத்துப்போட்டார். கப்பல் கதை எழுதியவருக்கே கப்பல்மீது ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. படிக்கிற பையனுக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். கல்லிவர் முதல் பயணத்தில் கரையேறும் லில்லிபுட் தீவு வான் டீமன் நிலத்துக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, வடமேற்கே, தெற்கு அட்சரேகை 30 டிகிரி 2 நிமிடத்தில் இருப்பதாகக் கதை சொல்கிறது. தம்பி பள்ளி அட்லஸை வைத்து ஸ்கேலும் பென்சிலுமாகக் கோடு போட்டிருக்கிறான். புள்ளி கடலில் இல்லை, ஆஸ்திரேலியாவின் தரையில் போய் விழுகிறது. பக்கத்தில் எழுதியிருக்கிறான்: "அவருக்குத் தெரியாதா, வேண்டுமென்றே செய்தாரா?" அதற்கும் கீழே, வேறு மையில்: "கிழக்குக் கரையை குக் பார்த்தது 1770." அதாவது, மாலுமி ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் அந்தக் கரையைப் பார்த்ததே கதை வந்து 44 வருஷம் கழித்துத்தான்.

ஐயா, இது மாலுமியாகப் போகிற பையனின் குறிப்பு இல்லை. ஒரு தாளில் இருப்பது நிஜமா, அதை எழுதியவருக்கு அன்று என்ன தெரிந்திருக்கும் என்று துருவுகிற புத்தி இது. வரலாறு, ஆவணக் காப்பகம், பதிப்பகத்தில் எடிட்டிங், செய்தி சரிபார்ப்பு, கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் ஜிஐஎஸ் வேலை என்று இதற்கு இடம் இருக்கிறது. ஆங்கில இலக்கியமும் உண்டு. ஆனால் அங்கே கவிதை, விமர்சனக் கோட்பாடு எல்லாம் படித்தாக வேண்டும்; சிலபஸை அவனே பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியூஇடி (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பக்கம் வருமானம் நிதானமாகத்தான் ஏறும். கல்லூரி ஆசிரியர் வேலையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கடல் பக்கத்தையும் மூடிவிட வேண்டாம். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வான ஐஎம்யூ-சிஇடி எழுதட்டும். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 60 சதவீதம் வேண்டும். அதற்கு முன்னால், மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டரிடம் கண்ணைக் காட்டுங்கள். நிறக்குருடு இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். கோச்சிங்குக்குக் கட்டிய பணம் வீண். சீட் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று உங்கள் சொந்தக்காரர் லீவில் வரும்போது தம்பியையே கேட்கச் சொல்லுங்கள்.

ஃபீஸ் பற்றிக் கவலைப்பட்டீர்கள். கல்லிவரின் அப்பாவுக்கும் அதே கவலைதான். ஐந்து பையன்களில் இவன் மூன்றாமவன். 14 வயதில் கேம்பிரிட்ஜில் சேர்த்தார். 3 வருஷத்தில் செலவு தாங்கவில்லை. லண்டனில் ஒரு அறுவை மருத்துவரிடம் 4 வருஷம் தொழில் பழக விட்டார். அப்பா அவ்வப்போது அனுப்பிய சின்னத் தொகையில் பையன் கடல்வழிக் கணக்கைத் தனியாகக் கற்றுக்கொண்டான். ஸ்விஃப்ட் முதல் பக்கத்திலேயே இதைத்தான் எழுதுகிறார். நீங்களும் ஒரு தரம் படித்துப் பாருங்கள். மூன்றாம் பயணத்தில் நம் சென்னைக் கோட்டைகூட வருகிறது. 1707 ஏப்ரலில் மூன்று வாரம் தங்குகிறான்.

அடுத்த முறை வரும்போது தம்பியையும் உள்ளே கூட்டிவாருங்கள், அந்த நோட்டோடு.