மதனப்பள்ளியில் எழுதப்படாத பாட்டு

அன்புள்ள ஐயா,

ஆந்திராவில் குப்பம் என்ற ஊரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருக்கிறேன். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு. சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, "ஜன கண மன நம் மதனப்பள்ளியில் எழுதப்பட்டது, மெட்டுப் போட்டவர் மார்கரெட் கசின்ஸ் அம்மையார், உலகின் சிறந்த தேசிய கீதம் என்று யுனெஸ்கோ அறிவித்தது" என்று பேசினாள். எழுதப்பட்டது இங்கே இல்லை என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். "பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று வந்தால் சரி, சின்னப் பொய்யால் யாருக்கு நஷ்டம்?" என்று ஹெட்மாஸ்டர் கடிந்துகொண்டார். ஜார்ஜ் மன்னரைப் புகழ்ந்த பாட்டு என்று வாட்ஸப்பில் வருவதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் செய்தது சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

மைக்கில் சொன்னது தப்பு. மேடையை விட்டு இறங்கியதும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள். யுனெஸ்கோ தேசிய கீதங்களுக்குப் பரிசு கொடுப்பதில்லை, அந்தக் கதையை விட்டுத் தள்ளுங்கள்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உங்கள் ஹெட்மாஸ்டரின் கேள்விதான். போன வாரம் உறவினர் ஒருவர் அனுப்பிய வீடியோவிலும் இதே மதனப்பள்ளிக் கதை. அன்றிலிருந்து சித்தப்பா ஞாபகமாகவே இருக்கிறது. அவர் மதனப்பள்ளி தக்காளி மண்டியில் கணக்கெழுதியவர். பள்ளி விடுமுறையில் பலமநேரிலிருந்து பஸ் ஏற்றி என்னையும் கூட்டிப்போவார். விடியற்காலையிலேயே ஏலம் தொடங்கிவிடும். நசுங்கிய பழத்தின் புளிச்ச வாடை, சென்னைக்கு லோடு ஏறும் லாரிகள், கிரேட்டுகளுக்கு நடுவே மடியில் நோட்டோடு சித்தப்பா. ஒரு கிரேட் கணக்கில் உதைத்தாலும் முழு நோட்டையும் முதலிலிருந்து கூட்டுவார். வேலை முடிந்து டீ குடிக்கப் போகும் வழியில் பெசன்ட் தியசாபிகல் காலேஜ் வாசலில் நின்று சொல்வார்: "எல்லாரும் இங்க எழுதினார்னு சொல்வான். இங்க எழுதலடா. இங்க பாடினார்."

அந்த ஒரு வரியில் இருக்கும் கம்பீரம் உங்கள் ஹெட்மாஸ்டரின் பொய்யில் இல்லை. சுயாட்சிக் கிளர்ச்சியை ஆதரித்ததற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பை இழந்த காலேஜ் அது. 1919 பிப்ரவரி கடைசியில் தாகூர் அங்கே வந்து தங்கினார். முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் அயர்லாந்துக்காரர். ஒரு மாலைக் கூட்டத்தில் தாகூர் இந்தப் பாட்டைப் பாட, மாணவர்கள் 'ஜய ஹே'யில் சேர்ந்துகொண்டார்கள். பிப்ரவரி 28-ஆம் தேதியிட்ட ஆங்கில ஆக்கம், 'இந்தியாவின் காலைப் பாடல்', அங்கேதான் பிறந்தது. அடுத்த ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக். மே மாதக் கடைசியில் அதே மனிதர் சர் பட்டத்தைத் தூக்கி எறிந்தார். இவ்வளவு இருக்கும்போது, பாட்டே இங்கே பிறந்தது என்று எதற்கு இட்டுக்கட்ட வேண்டும்? நம் ஊருக்கு உள்ள பெருமை போதாது என்று நினைப்பவர்தான் பொய்யைத் தேடிப் போவார்.

ஜார்ஜ் மன்னர் விஷயத்தில் உங்கள் மேல் கோபமே வருகிறது. சமூக அறிவியல் டீச்சர், பதில் தெரியவில்லை என்று வாட்ஸப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? 1911 டிசம்பர் 12 டெல்லி தர்பாரில் மன்னர் வங்கப் பிரிவினையை ரத்து செய்தார். அந்த மாதமே கல்கத்தாவில் காங்கிரஸ் கூடியது. 27-ஆம் தேதி முதலில் ஜன கண மன பாடினார்கள். மன்னருக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டார்கள். மன்னரைப் புகழும் வேறொரு இந்திப் பாட்டும் பாடப்பட்டது. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பின. வதந்தியின் வேர் அங்கே.

நம் தேசபக்தர்கள் மறைப்பது இன்னொன்று. மன்னரைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதித் தரும்படி, அரசாங்கத்தில் செல்வாக்குள்ள நண்பர் ஒருவர் தாகூரிடம் உண்மையிலேயே கேட்டார். 1937-இல் புலின் பிஹாரி சென் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் தாகூரே இதைச் சொல்கிறார். கேட்டதும் அதிர்ந்துபோனதாகவும், அந்தக் கொந்தளிப்பில்தான் யுகயுகமாக இந்த நாட்டின் தேரை ஓட்டிவரும் பாக்கிய விதாதாவுக்கு, அதாவது நாட்டின் விதியை வகுப்பவனுக்கு, ஜயம் பாடியதாகவும், அந்தத் தேரோட்டி எந்த ஜார்ஜாகவும் இருக்க முடியாது என்றும் எழுதுகிறார். வாட்ஸப்காரன் இந்தக் கடிதத்தில் பாதியை வெட்டிக் காட்டுகிறான். நீங்கள் முழுவதையும் வகுப்பில் வாசியுங்கள். கேட்டவர் ஒன்றைக் கேட்டார், கவிஞர் வேறொன்றைக் கொடுத்தார். இதைச் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்?

கடிதத்தைக்கூட ஒதுக்கி வையுங்கள். நாம் பாடுவது முதல் பத்தி மட்டும். மீதி நான்கையும் படித்தீர்களா? நான்காம் பத்தியில் நாடு கும்மிருட்டில் மயங்கிக் கிடக்கிறது. கெட்ட கனவிலும் பயத்திலும் அதை மடியில் போட்டுக் காப்பவள் அன்பு நிறைந்த தாய். ஐந்தாம் ஜார்ஜ் மடியில் நம்மைக் கிடத்தித் தாலாட்டினார் என்று எவனாவது நம்புவானா? 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கீதத்தை அறிவிக்கும்போது ராஜேந்திர பிரசாத் எந்தக் கட்டுக்கதையையும் துணைக்கு அழைக்கவில்லை.

உங்கள் மாணவியிடம் பேசும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். எழுதிய இடத்தைத் திருத்தியவர் மெட்டு விஷயத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். மெட்டு தாகூருடையது. முதல்வர் ஜேம்ஸின் மனைவி மார்கரெட் கசின்ஸ் மேற்கத்திய இசை படித்தவர். தாகூர் பாடப்பாட ஸ்வரக் குறிப்பு எழுதினார். அதுவும் நடந்தது மதனப்பள்ளியில்தான். குடியரசு தினத்துக்கு அதை வைத்து ஒரு பேச்சைத் தயார் பண்ணச் சொல்லுங்கள், எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பட்டும்.