இம்பிளான்டைச் சுற்றி வீக்கம்: எலும்பைக் கரைப்பது யார்?

கேள்வி: பல் இம்பிளான்ட் என்பது இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய வேர். டைட்டானியத்துக்குச் சொத்தை வராதே, பிறகு ஏன் சுற்றிலும் ஈறு வீங்குகிறது?

சொத்தை வராதுதான். ஆனால் பாக்டீரியாப் படலம் உலோகத்திலும் ஒட்டும். இயற்கைப் பல்லின் வேரை மூடிய சிமென்டத்துக்குள் கொலாஜன் இழைகள் புதைந்து நின்று ஈற்றை இறுக்கிப் பிடிக்கும். இம்பிளான்டில் சிமென்டம் கிடையாது. இழைகள் உலோகத்துக்கு இணையாகவே ஓடுகின்றன. படலம் கீழே இறங்கினால் தடுப்பு பலவீனம்.

கேள்வி: எலும்பைத் தின்பது பாக்டீரியாவா?

இல்லை, நம் செல்களே. படலத்தின் மூலக்கூறுகளை, கிருமிகளை அடையாளம் காணும் டோல் ஏற்பிகள் உணர்ந்ததும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் முதலில் வந்து குவியும். கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆகிய வீக்கத்தைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கும். படலம் நீங்காவிட்டால் டி செல்கள், பி செல்கள், பிளாஸ்மா செல்கள் என்று நோயெதிர்ப்புச் செல்களின் கூட்டம் பெருகும். இந்தச் சூழலில் ராங்க்-எல் புரதம் கூடுகிறது. அது முன்னோடிச் செல்களின் ராங்க் ஏற்பியில் பிணைந்து அவற்றை எலும்பைக் கரைக்கும் செல்லான ஆஸ்டியோகிளாஸ்ட்டாக மாற்றும். ஆஸ்டியோகிளாஸ்ட் அமிலத்தால் கனிமத்தைக் கரைத்து, கேதெப்சின்-கே நொதியால் கொலாஜனை வெட்டும். ராங்க்-எல்லை இடைமறிக்கும் ஆஸ்டியோபுரோடெஜெரின் என்ற புரதம் போதாமல் போகும்போதுதான் எலும்பு இறங்குகிறது.

பல்லில், வீக்கப் பகுதிக்கும் எலும்புக்கும் நடுவே சேதமில்லாத இணைப்புத்திசு ஒன்று பெரும்பாலும் எஞ்சியிருக்கும். இம்பிளான்டில் அது இருப்பதில்லை. திசு மாதிரிகளில் வீக்கத்தின் பரப்பு பல்லில் இருப்பதைப் போல இரு மடங்குக்கு மேல் தெரிகிறது. நோய் வேகமாக ஓடுவதற்கு இதை முக்கியக் காரணமாகவே கருதுகிறேன்.

கேள்வி: இம்பிளான்டிலிருந்து உதிரும் டைட்டானியத் துகள்தான் காரணம் என்கிறார்களே?

துகளை விழுங்கிய மேக்ரோபேஜில் வீக்கத்தைத் தூண்டும் என்எல்ஆர்பி3 இன்ஃபிளமசோம் என்ற புரதத் தொகுப்பு கிளம்பி இன்டர்லூகின்-1 பீட்டாவை வெளியேற்றுவது ஆய்வகத்தில் தெளிவாகக் காணப்பட்டது. ஆனால் ஆரோக்கியமான திசுவிலும் துகள்கள் உண்டு. அவைதான் நோயைத் தொடங்கின என்பதற்கு நிரூபணமில்லை. ஆனாலும் எஃகுக் கருவியால் சுரண்டக் கூடாது. மேற்பரப்பு கீறினால் படலம் ஒட்டுவது எளிதாகும். டைட்டானியம் கியூரெட் (சுரண்டும் கருவி) அல்லது கிளைசின் பொடி காற்றுப்பீய்ச்சல் போதும்.

கேள்வி: துலக்கும்போது ரத்தம், வலி இல்லை. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். வலியில்லாமலே எலும்பு போகும். எலும்பு இழப்பின்றி ரத்தக்கசிவு மட்டும் என்றால் அது மியூகோசைடிஸ், சரியாகிப் பழையபடி மாறக்கூடிய நிலை. ஆனால் 3 வாரம் படலம் சேரவிட்டுப் பார்த்த சோதனைகளில், அடுத்த 3 வாரச் சுத்தத்துக்குப் பிறகும் ஈறு முழுக்கப் பழைய நிலைக்கு வரவில்லை. பொறுமை வேண்டும்.

பல் மருத்துவர் சுமார் 0.25 நியூட்டன் விசையில் புரோப் செய்து (மெல்லிய கருவியால் ஈற்றோர இடுக்கின் ஆழத்தை அளந்து), கிரவுன் (மேலே வைக்கும் செயற்கைப் பல்) பொருத்திய காலத்து எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவார். பழைய எக்ஸ்ரே இல்லையென்றால் பல்லைச் சூழ்ந்த திசு நோய்கள் குறித்த 2017 உலக மாநாட்டு வரையறை உதவும்: ரத்தக்கசிவு அல்லது சீழ், 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் எலும்பு இறக்கம் மூன்றும் சேர்ந்தால் பெரிஇம்பிளான்டைடிஸ், அதாவது எலும்பையும் கரைத்துவிட்ட வீக்கம்.

கேள்வி: ஆன்டிபயாடிக் போதாதா?

தனியாகப் போதாது. படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை மருந்து சரியாக எட்டாது, படலமும் உலோகத்திலேயே நிற்கும். கிரவுனை ஒட்டப் பயன்படுத்திய சிமென்ட் ஈற்றுக்கடியில் எஞ்சியிருக்கிறதா, இடைப்பல் பிரஷ் நுழைய இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷ் நுழையாத கிரவுனை மாற்றியமைக்காமல் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வீக்கம் திரும்பும்.